பாஸ்தா கொன் லே சார்தே: பிறந்த வருஷம் 827 என்று யார் சொன்னது?

சிசிலியில் பாஸ்தா கொன் லே சார்தே என்று ஒரு பண்டம் உண்டு. நேரடி அர்த்தம் ‘மத்தி மீன் போட்ட பாஸ்தா’, அவ்வளவுதான். தட்டில் வருவதோ பாதி மளிகைக் கடை. மத்தியோடு உலர்திராட்சை, பைன் கொட்டை, காட்டுப் பெருஞ்சீரகத்தின் தழை, குங்குமப்பூ, கரையும்வரை வதக்கிய வெங்காயம், உப்பில் ஊறிய நெத்திலி, மேலே பொன்னிறமாக வறுத்த ரொட்டித்தூள். மீன், இனிப்பு, கீரை மூன்றும் ஒரே வாயில் வரும். முதல் வாய் சாப்பிடும்போது ‘இது என்ன கூத்து’ என்று தோன்றும். நாலாவது வாயில் அந்தக் கேள்வி காணாமல் போயிருக்கும்.

இதன் செய்முறையை இணையத்தில் எந்த மொழியில் தேடினாலும் முதலில் ஒரு கதை வரும். நான் இங்கே விமர்சிக்கப் போவது அந்தக் கதையை. செய்முறையும் உண்டு, நடுவில் வரும், பொறுமையாக இருங்கள்.

கதை இதுதான். கி.பி. 827. சிசிலி அப்போது பைசாந்தியப் பேரரசின் கையில். யூபீமியஸ் என்ற கடற்படைத் தளபதி பேரரசருக்கு எதிராகக் கலகம் செய்து, தோற்று, இன்றைய துனிசியாவை ஆண்ட அக்லபிதுகளிடம் போய் உதவி கேட்டான். அவர்கள் அசத் இப்னு அல்ஃபுராத் என்ற முதிய சட்ட அறிஞரின் தலைமையில் ஒரு படையை அனுப்பினார்கள். படை தீவின் மேற்கே மஸாராவில் இறங்கியது. இதுவரை வரலாறு. இனி வருவது கதை: படைக்குப் பசி. படைச் சமையல்காரர் கரையில் கிடைத்த மத்தியையும், குன்றில் முளைத்திருந்த பெருஞ்சீரகத் தழையையும், கையிருப்பில் இருந்த திராட்சை, கொட்டை, குங்குமப்பூவையும் போட்டுக் கிளறினார். பிறந்தது பாஸ்தா கொன் லே சார்தே. சில வடிவங்களில் ஒரு உபரித் தகவலும் உண்டு: மீன் கெட்டுப்போயிருந்தால் விஷம் ஏறாமல் இருக்க பைன் கொட்டை சேர்த்தாராம்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் கிட் பிளேம் என்று ஒரு கட்டளை இருக்கிறது. நிரலில் எந்த வரியை யார், எந்தத் தேதியில் எழுதினார்கள் என்று அது காட்டிக் கொடுத்துவிடும். இந்தக் கதையின் கவர்ச்சியும் அதேதான். ஒரு பண்டத்துக்கு கிட் பிளேம் ஓட்டி ஆசிரியர், தேதி, காரணம் மூன்றையும் ஒரே வரியில் தருகிறது. ஆனால் நிரலுக்குப் பின்னால் ஒரு பதிவேடு இருக்கிறது. இந்தக் கதைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. 827-ஐ ஒட்டிய எந்த ஆவணமும் அந்தச் சமையல்காரரைப் பற்றிப் பேசவில்லை.

ஆவணம் இல்லை என்பதை மட்டும் வைத்துக் கதையைத் தள்ளிவிட முடியாது. ஏழைகள் சமைத்த எதற்குத்தான் ஆவணம் இருக்கிறது? ஆகவே கதை தன் கால்களில் நிற்கிறதா என்று பார்ப்போம்.

முதலில் படையின் நிலைமை. மஸாராவில் இறங்கிய படை தீவைக் குறுக்காகக் கடந்து கிழக்கே சிராக்கூசாவை முற்றுகையிட்டது. அந்த முற்றுகையில் உணவு தீர்ந்து, சொந்தக் குதிரைகளையே அறுத்துத் தின்றதாகப் பதிவாகியிருக்கிறது. படைக்குள் கலகப் பேச்சே கிளம்பியது. 828-இல் நோய் பரவி அசத்தும் இறந்துபோனார். குதிரையைத் தின்னும் படை குங்குமப்பூ மூட்டையோடு வந்திருக்கும் என்று நம்ப எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

அடுத்தது பொருள்கள். ‘கையில் கிடைத்ததைப் போட்டார்’ என்கிறார்களே, பட்டியலைப் பாருங்கள். மத்தியும் தழையும் கையில் கிடைப்பவைதான், சரி. பைன் கொட்டை அப்படியா? மரத்திலிருந்து காய் பறித்து, வெயிலில் விரியவைத்து, ஓட்டை உடைத்து, உள்ளே இருக்கும் அரிசி அளவுப் பருப்பை எடுக்க வேண்டும். அன்றும் இன்றும் விலை கூடிய பொருள். குங்குமப்பூ பற்றிச் சொல்லவே வேண்டாம். இது அவசரத்துக்குக் கிளறிய பண்டத்தின் பட்டியலாகத் தெரியவில்லை. மலிவான மீனையும் இலவசமான கீரையையும் வைத்து, விலை கூடிய மூன்று பொருள்களைச் சிக்கனமாகத் தூவி, பண்டிகைக்கு யோசித்துச் செய்த பண்டத்தின் பட்டியல். சிசிலியில் இது மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாளோடு சேர்த்துப் பேசப்படுவதும், அந்தப் பருவத்தில்தான் குன்றுகளில் தழை இளசாக முளைத்திருப்பதும் இதோடு பொருந்துகிறது.

மூன்றாவதாக, பாஸ்தா. சிசிலியில் உலர் பாஸ்தா செய்யப்பட்டதற்கு நமக்குக் கிடைக்கும் முதல் தெளிவான சாட்சி 1154-ஐச் சேர்ந்தது. அல் இத்ரீசி என்ற புவியியலாளர், பலெர்மோவுக்குக் கிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள த்ராபியா என்ற ஊரில், ஓடும் நீரும் மாவு ஆலைகளும் இருப்பதாகவும், அங்கே இத்ரிய்யா என்ற பாஸ்தாவை ஏராளமாகச் செய்து கலாப்ரியாவுக்கும் முஸ்லிம், கிறிஸ்தவ நாடுகளுக்கும் கப்பலில் அனுப்புவதாகவும் எழுதியிருக்கிறார். 827-க்கும் இதற்கும் இடையில் 327 வருஷம்.

இந்த 1154 சாட்சியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எழுதியவர் முஸ்லிம். எழுதிய மொழி அரபு. எழுதச் சொன்னவர் இரண்டாம் ரொஜர், சிசிலியை ஆண்ட நார்மன் கிறிஸ்தவ அரசர். நார்மன்கள் பலெர்மோவைப் பிடித்து அப்போது 80 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதாவது பாஸ்தா ‘அரபு ஆட்சியில்’ பதிவாகவில்லை, அரபு மொழி பேசிய ஒரு கிறிஸ்தவ அரசவையில் பதிவானது. எனக்கு இந்த ஒரு வரித் தகவல், படைச் சமையல்காரர் கதையைவிடப் பத்து மடங்கு சுவாரசியமாக இருக்கிறது. அதை யாரும் செய்முறைக்கு மேலே போடுவதில்லை.

சரி, இனிப்பு விஷயத்துக்கு வருவோம். கதையை நம்புகிறவர்கள் வைக்கும் பலமான வாதம் திராட்சைதான். மீனில் திராட்சை போடுவது ஐரோப்பிய வழக்கமே இல்லை, ஆகவே அரபு வழக்கம் என்பார்கள். அரபுச் சமையலில் பழமும் இறைச்சியும் சேர்வது உண்மைதான். 1226-இல் பக்தாதில் தொகுக்கப்பட்ட அல் பக்தாதியின் சமையல் நூலில் பாதாமிப்பழம் போட்டு வேகவைத்த ஆட்டிறைச்சி இருக்கிறது. ஆனால் மீனும் இனிப்பும் கொட்டையும் தழையும் சேர்வது அதற்குப் பல நூற்றாண்டு முன்பே இத்தாலியில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அபிசியஸ் என்ற பெயரில் வழங்கும் ரோமானியச் சமையல் தொகுப்பில், உலர்திராட்சை, தேன், காடி, மிளகு சேர்ந்த மீன் சாறுகள் வருகின்றன. அதே தொகுப்பில் ‘சார்தா’ என்ற மீனை முள் நீக்கி, உள்ளே புதினா வகைத் தழைகள், சீரகம், மிளகு, கொட்டை, தேன் அரைத்து நிரப்பித் தைத்துச் சமைக்கும் குறிப்பும் இருக்கிறது. அந்த சார்தா இன்றைய மத்தியா, கொஞ்சம் பெரிய மீனா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. எதுவானாலும் என் வாதத்துக்குச் சேதமில்லை. எண்ணெய்ப் பசையுள்ள கடல் மீன், இனிப்பு, கொட்டை, தழை. சூத்திரம் அங்கேயே இருக்கிறது.

இன்னொரு சாட்சி வெனிஸ். சார்தே இன் சாவோர் என்பது அந்த ஊரின் பழைய பண்டம்: பொரித்த மத்தியை, காடியில் வதக்கிய வெங்காயம், திராட்சை, பைன் கொட்டையோடு அடுக்கி ஒரு நாளாவது ஊறவைப்பது. குங்குமப்பூவும் பாஸ்தாவும் இல்லை, மற்றபடி சிசிலிப் பண்டத்தின் உடன்பிறப்பு மாதிரியே இருக்கும். வெனிஸை அரபுகள் ஒரு நாள்கூட ஆண்டதில்லை. ‘கிழக்கோடு நடந்த வணிகத்தில் வந்திருக்கலாமே’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வணிகத்தில் வர முடியும் என்றால் 827-ஆம் வருஷத்துப் படைச் சமையல்காரர் சிசிலிக்கும் தேவையில்லை, இல்லையா? ரோமின் யூதர்கள் செய்யும் திராட்சை, பைன் கொட்டை போட்ட செந்நிற மீன், கத்தலோனியாவில் பசலைக்கீரையில் அதே திராட்சையும் கொட்டையும் என்று இந்த ஜோடி மேற்கு மத்தியதரைக் கடலைச் சுற்றி எங்கும் அலைகிறது. சிசிலியிலும் பெரிய யூத சமூகம் இருந்தது, 1492-இல் ஸ்பானிய அரசாணை அவர்களை வெளியேற்றும்வரை. அவர்கள் சட்டியைப் பற்றி அந்தக் கதையில் ஒரு வார்த்தை இல்லை.

உண்மையில் கேள்வியையே திருப்பிப் போட வேண்டும் என்று நினைக்கிறேன். ‘சிசிலிக்காரர்கள் பாஸ்தாவில் ஏன் இனிப்பு போட்டார்கள்’ என்பது விளக்கம் தேவைப்படும் விஷயமே இல்லை. எல்லோரும் போட்டார்கள். 15-ஆம் நூற்றாண்டில் மார்த்தினோ எழுதிய சமையல் நூலில் ‘சிசிலி மக்ரோனி’ என்ற குறிப்பு இருக்கிறது. அதை இரண்டு மணி நேரம் வேகவைக்கச் சொல்கிறார் (அல் தெந்தே பக்தர்கள் மன்னிக்கவும்), மேலே சீஸும் இனிப்பு மசாலாவும் தூவச் சொல்கிறார். 1570-இல் வெளியான ஸ்காப்பியின் பெரிய நூலில் பாஸ்தாவுக்கு மேலே சீஸ், சர்க்கரை, இலவங்கப்பட்டை மூன்றும் ஒன்றாக விழுவது சர்வ சாதாரணம். தக்காளி போட்ட பாஸ்தா அச்சில் வருவது 1790-இல், லியோனார்தியின் நூலில்தான். அதாவது இன்று ‘அசல்’ என்று சண்டை போடும் சிவப்பு பாஸ்தா, இனிப்பு பாஸ்தாவோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்த குழந்தை.

ஆக, கேட்க வேண்டியது: மற்றவர்கள் ஏன் நிறுத்தினார்கள்? 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரண்மனைச் சமையல் திசை மாறியது. 1651-இல் வந்த லா வாரேனின் நூல் அந்த மாற்றத்தின் அடையாளமாகச் சொல்லப்படுகிறது. உப்பும் புளிப்பும் ஒரு பக்கம், சர்க்கரை கடைசியில் தனித் தட்டில் என்று பிரித்தார்கள். அட்லாண்டிக் தோட்டங்களில் அடிமை உழைப்பில் விளைந்த சர்க்கரை மலிய மலிய, அதைத் தூவிக் காட்டுவதில் பெருமையும் குறைந்தது. ஐரோப்பாவின் மேல்தட்டு அந்தப் பிரிவினையை ஏற்றுக்கொண்டது, பிறகு கீழே எல்லோரும். ஓரங்களில் இருந்த ஊர்கள் மட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை. சிசிலி ஒரு ஓரம். ஆல்ப்ஸ் அடிவாரத்தில் கார்னியா இன்னொரு ஓரம். அங்கே சார்சோன்ஸ் என்ற கொழுக்கட்டை மாதிரியான பாஸ்தாவுக்குள் திராட்சை, இலவங்கப்பட்டை, மலைத் தழைகள் எல்லாம் சேர்ந்து போகும், மேலே புகையூட்டிய ரிக்கோத்தா. மந்துவாவில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு பூசணி, பாதாம் பிஸ்கட், கடுகுக் காரம் ஏறிய பழ ஊறுகாய் நிரப்பிய தோர்தெல்லி, மேலே வெண்ணெயில் பொரிந்த சேஜ் இலை. கார்னியாவுக்கும் மந்துவாவுக்கும் அரபுப் படை போகவில்லை.

சிசிலியின் பிரபுக்களிடமும் இந்த இனிப்பு நீடித்திருக்கிறது. லம்பெதூசாவின் ‘சிறுத்தை’ நாவலில் (1958) விருந்துக்கு வரும் மக்ரோனி வார்ப்பின் மேல்தோலிலிருந்து சர்க்கரையும் இலவங்கப்பட்டையும் மணக்கும். கதை நடப்பது 1860-களில்.

இந்த இடத்தில் பெல்லெக்ரீனோ அர்துசியை அழைத்தாக வேண்டும். ஃபுளோரன்ஸில் குடியிருந்த பட்டு வியாபாரி. ஓய்வு பெற்றபின் 1891-இல் சொந்தக் காசில் ஒரு சமையல் நூல் போட்டார். அது பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்து இத்தாலிய வீடுகளின் பைபிள் ஆயிற்று. தொழில்முறைச் சமையல்காரர் இல்லை, வரலாற்றுப் பேராசிரியரும் இல்லை. நம்ம ஆள் என்று எனக்கு அவர்மேல் ஒரு தனிப் பிரியம். அவர் நூலில் ‘சிசிலி பாணி மத்தி மக்ரோனி’ இருக்கிறது. ஒரு கலகலப்பான விதவைப் பெண்மணியிடமிருந்து வாங்கியதாகச் சொல்கிறார். அந்தப் பெண்ணின் கணவர் சிசிலிக்காரர், ஊர்ப் பண்டங்களைத் தானே சமைத்துப் பார்ப்பதில் ஆசை உள்ளவர். பட்டியல்: நீள மக்ரோனி 500 கிராம், மத்தி 500 கிராம், உப்பு நெத்திலி 6, காட்டுப் பெருஞ்சீரகத் தழை 300 கிராம், எண்ணெய் தேவைக்கு.

கவனித்தீர்களா? திராட்சை இல்லை. பைன் கொட்டை இல்லை. குங்குமப்பூவும் இல்லை.

அர்துசிக்கு இனிப்பு பிடிக்காது என்று சொல்ல முடியாது. அதே நூலில் காட்டுப்பன்றி இறைச்சிக்குத் திராட்சை, பைன் கொட்டை, சாக்லேட், சர்க்கரைப் பாகில் ஊறிய பழம் எல்லாம் போடச் சொல்கிறார். ஆகவே இனிப்பை அவர் வேண்டுமென்றே வெட்டியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கணவரின் வீட்டில் மத்தி பாஸ்தா அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்பதே நேர்மையான வாசிப்பு. அப்படியானால் இந்தப் பண்டத்தின் கருவில் இருப்பவை மூன்றே: பாஸ்தா, மத்தி, தழை. திராட்சையும் கொட்டையும் குங்குமப்பூவும் வசதிக்கும் ஊருக்கும் பண்டிகைக்கும் தக்கபடி ஏறி இறங்கும் பாகங்கள். எங்கள் பாஷையில் சொன்னால் கிளைகள். சில வீடுகளில் தக்காளி விழுதும் ஏறுகிறது. எதிர்ப்பக்கக் கிளை ஒன்றும் இருக்கிறது, அதன் பெயர் பாஸ்தா கி சார்தி அ மாரி, ‘மத்தி இன்னும் கடலில் இருக்கும் பாஸ்தா’. மீன் வாங்கக் காசில்லாத வீட்டில் தழையும் மற்றதும் மட்டும் போட்டுச் செய்து, மீன் எங்கே என்று குழந்தை கேட்டால் சொல்லும் பதில் அது. மேலே தூவும் வறுத்த ரொட்டித்தூளும் அந்த வகைதான், சீஸ் வாங்க முடியாதவர்களின் சீஸ் என்பார்கள். இந்தக் கேலிப் பெயரில் எனக்குக் கேட்கும் குரல், 827 கதையில் கேட்கவில்லை.

இதில் கொஞ்சம் கோபப்படவும் இடம் இருக்கிறது. சிசிலியில் முஸ்லிம்கள் 250 வருஷத்துக்கு மேல் ஆண்டார்கள், நார்மன்களின் கீழும் வாழ்ந்தார்கள். 13-ஆம் நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் எஞ்சியிருந்தவர்களைத் தீவிலிருந்து பெயர்த்து, இத்தாலியின் தென்கிழக்கில் லுச்சேரா என்ற ஊரில் கொண்டுபோய்க் குடியேற்றினார். 1300-இல் அந்த லுச்சேராவும் கலைக்கப்பட்டது, மக்களில் பெரும்பாலோர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். இந்த மக்கள் விட்டுப் போனதாக நிஜமாகவே காட்டக்கூடியவை உண்டு: கரும்பு, எலுமிச்சை வகைகள், நீர்ப்பாசன முறைகள், பாஸ்தா உலர்த்தும் தொழில். பாந்தெல்லேரியா தீவில் உலர்த்தும் திராட்சையின் பெயர் ஜிபிப்போ, உலர்திராட்சையைக் குறிக்கும் ஜபீப் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அங்கே அந்தக் கொடியைப் பள்ளத்தில் குட்டையாக வளர்க்கும் முறையை யுனெஸ்கோ 2014-இல் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இவ்வளவு உழைப்பையும் சுருக்கி, படையோடு வந்த பெயரில்லாத சமையல்காரர் ஒருவரின் சாமர்த்தியமாக மாற்றிவிட்டு, ‘எங்கள் உணவில் எல்லோரும் இருக்கிறார்கள்’ என்று சுற்றுலாக் கையேட்டில் எழுதிக்கொள்வது சுலபம். சமையல்காரரை வைத்துக்கொண்டார்கள், ஊரை விற்றுவிட்டார்கள். கடைசியில் என்ன ஆனார்கள் என்பது செய்முறைக்கு மேலே வராது.

எதிர்ப்பக்கமும் எனக்குத் திருப்தி இல்லை. பார்மா பல்கலைக்கழகத்தின் அல்பெர்டோ கிராண்டி 2018-இல் ஒரு நூல் எழுதி, இத்தாலிய உணவின் பழம்பெருமைகளில் பெரும்பகுதி 20-ஆம் நூற்றாண்டுச் சரக்கு என்று போட்டு உடைத்தார். படிக்க ஜோராக இருக்கும். ஆனால் உடைத்த பிறகு கையில் என்ன மிச்சம் என்று கேட்டால் பதில் மெலிதாகத்தான் இருக்கிறது. மாஸ்ஸிமோ மொன்தனாரி 2019-இல் தக்காளி ஸ்பகெட்டி பற்றி எழுதிய சின்ன நூல் இன்னும் உதவியாக இருந்தது. ஒரு பண்டத்தின் ‘தோற்றம்’ என்று ஒரு புள்ளியைத் தேடுவதே தவறான தேடல், பல திசைகளில் பரவும் வேர்களைத்தான் தேட முடியும் என்பது அவர் வாதத்தின் சாரம். மத்தி பாஸ்தாவுக்கு அது அப்படியே பொருந்தும் என்பது என் கருத்து.

இப்போது அடுப்படி. இனிப்பு இந்தப் பண்டத்தில் என்ன வேலை செய்கிறது என்று சோதித்துப் பார்க்காமல் இவ்வளவு பேசுவது சரியில்லை. நாலு பேருக்கு என் அளவு: புக்காத்தினி (நடுவில் ஓட்டை உள்ள தடித்த ஸ்பகெட்டி) 400 கிராம், சுத்தம் செய்யும் முன் எடையில் மத்தி 500 கிராம், தழை 250 கிராம், திராட்சை 40, பைன் கொட்டை 40, பெரிய வெங்காயம் 1, உப்பு நெத்திலி 4, குங்குமப்பூ ஒரு சிட்டிகை.

நம்மூர் மத்தி மத்தியதரைக் கடல் மத்தி இல்லை, வேறு இனம், எண்ணெய் கூடுதல். கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் ஆலிவ் எண்ணெயைக் கொஞ்சம் குறைக்கலாம். தலையும் நடுமுள்ளும் எடுத்துப் புத்தகம் மாதிரி விரித்துக்கொள்ளுங்கள். நெத்திலிக் கருவாடு இதற்கு ஆகாது. அது காய்ந்தது, எண்ணெயில் கரையாது. உப்பில் ஊறிய, எண்ணெய்ப் புட்டியில் வருவதுதான் வேண்டும். தழைக்கு நான் கண்ட வழி, சமையலறைச் சோம்பையே தொட்டியில் விதைப்பது. மார்கழி வாக்கில் போட்டால் நன்றாக வருகிறது. சந்தையில் சதகுப்பைக் கீரை கிடைக்கும், பார்க்க அச்சு அசலாக இருக்கும், வாசனை வேறு. ஆபத்துக்குப் பாதி சதகுப்பை, ஒரு ஸ்பூன் இடித்த சோம்பு என்று ஒப்பேற்றலாம்.

தழையை உப்புத் தண்ணீரில் பத்து நிமிஷம் வேகவைத்து எடுத்து, பிழிந்து, பொடியாக நறுக்குங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், பாஸ்தா அதில்தான் வேக வேண்டும். இந்த ஒரு படியை விட்டுவிடும் செய்முறைகளை நான் மேற்கொண்டு படிப்பதில்லை. வெங்காயத்தை நிறம் மாறாமல் மெதுவாக வதக்கி, நெத்திலியைப் போட்டுக் கரைத்து, வெந்நீரில் ஊறிய திராட்சை, கொட்டை, தழை, வெந்நீரில் கரைத்த குங்குமப்பூ, கடைசியில் மத்தி. மத்தியில் பாதி உடைந்து சாறோடு கலக்கட்டும், பாதியை முழுசாக எடுத்து வையுங்கள். பாஸ்தாவைக் கலந்து, மூடி, பத்து நிமிஷம் சும்மா விடுங்கள். பிறகு ரொட்டித்தூள். சீஸ் கிடையாது.

மூன்று தடவை செய்தேன், திராட்சையை மட்டும் மாற்றி: ஒன்றும் இல்லாமல், 40 கிராம், 80 கிராம். ஒன்றும் இல்லாதது (அர்துசி வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம்) சுத்தமான, கொஞ்சம் கசப்பு தட்டும் பண்டம். கெட்டியான ஆள். மீனின் எண்ணெய் நாக்கில் கொஞ்ச நேரம் நிற்கிறது. 40 கிராமில் அந்த எண்ணெய் வெட்டுப்படுகிறது, தழையின் வாசனை முன்னால் வருகிறது. இதற்குக் காரணம் இருக்கிறது. பெருஞ்சீரகத்தின் வாசனைப் பொருளான அனெத்தோல் தன்னளவிலேயே நாக்குக்கு இனிப்பாகப் படுவது. திராட்சை புதிதாக எதையும் கொண்டுவரவில்லை, தழை மெதுவாகச் சொல்வதை உரக்கச் சொல்கிறது. 80 கிராமில் கதை கந்தல். பாயசத்தில் மீன் விழுந்த மாதிரி. பலெர்மோவில் போடுவது பாஸ்ஸொலினா என்ற மிளகைவிடச் சற்றே பெரிய கறுப்புத் திராட்சை, புளிப்பு கலந்தது. நம் மஞ்சள் கிஸ்மிஸ் குண்டாக, வெறும் தித்திப்பாக இருக்கும். ஆகவே கறுப்பு வாங்குங்கள், இரண்டாக நறுக்கிப் போடுங்கள்.

இரண்டாம் தடவை செய்ததை அம்மாவிடம் நீட்டினேன். “மீனுல திராட்சையாடா?” என்று வாங்கினாள். பாதித் தட்டு தீர்ந்தபின், “புளிக்கொழம்புல துளி வெல்லம் போடறோமே, அந்தக் கணக்குதான்” என்றாள். சரியான விமர்சனம். வெல்லம் தெரியக் கூடாது, புளி தெரிய வேண்டும்.

இந்தக் கணக்கு தெரியாமல்தான் இப்போது பல நகரங்களில் ‘பழ பாஸ்தா’ வருகிறது. மாம்பழத் துண்டும் துளசி வகை இலையும் போட்டு, கிரீம் ஊற்றி ஒரு தட்டு சாப்பிட்டேன். பழையவர்கள் இனிப்புக்கு எதிரே எப்போதும் ஒரு பாரம் வைத்தார்கள்: நெத்திலியின் உப்பு, காடி, கடுகுக் காரம், தழையின் கசப்பு. பழமும் பெரும்பாலும் உலர்ந்தது, தண்ணீர் விடாது, அளவும் கட்டுக்குள் இருக்கும். புதுப் பழம் வேண்டுமானால் அத்திப்பழத்தோடு காரமான நீல சீஸ் சேர்க்கிறார்களே, அது புரிகிறது. மாம்பழமும் கிரீமும் ஒரே பக்கம் சாயும் இரண்டு மூட்டைகள்.

கடைசியாக ஒரு சின்னத் தகவல், வேர்களைப் பற்றிப் பேசியதால். சிசிலியிலிருந்து அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸுக்குக் குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள், சூசையப்பர் திருநாளுக்கு மத்தி, பெருஞ்சீரகம், திராட்சை, தக்காளி போட்ட இதே பாஸ்தாவைச் செய்கிறார்கள். மேலே தூவும் ரொட்டித்தூள், தச்சரான சூசையப்பரின் பட்டறை மரத்தூளாம். அந்த ஊரில் இதன் பெயர் ‘பாஸ்தா மிலனேசே’. மிலான் பாஸ்தா. மிலானுக்குக் கடலே கிடையாது.

மிச்சமானால் மறுநாள் இரும்புத் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு, தட்டையாக அமுக்கி, அடி முறுகும்வரை விடுங்கள். அர்துசியும் இதை அடுக்கி வைத்து நெருப்பில் சிவக்கவிடச் சொல்கிறார். முறுகிய இடத்தில் திராட்சை லேசாகக் கருகி, கசப்பும் இனிப்புமாக இருக்கும். முதல் நாளைவிட எனக்கு அதுதான் பிடித்தது.